அளவு எடுத்தவள்

ஊசியக்கா என்றதும் ஒடிசலான ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் வாட்டசாட்டம். நாற்பத்தொன்பது வயது, அகலத் தோள், எதிரே நடந்து வந்தால் வழியில் நிற்பவர்கள் தாங்களாகவே ஒதுங்குவார்கள். குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே அரை நாள் வேலை பார்ப்பாள், அதனால் வந்த பெயர் அது. வாயில் ஊசி இருந்தால் பேச முடியாது அல்லவா? அந்தக் குழுவில் இருந்த அறுபது பேரில் மிகக் குறைவாகப் பேசுகிறவள் அவள்தான். பேசாமல் இருந்ததுதான் தான் செய்த பெரிய தப்பு என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அவள் செய்த தப்பு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்த ஒரு பாப் பாடகிக்கு மேடை உடை தைத்துத் திருத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாற்றிவிடுவது அவள் வேலை. அந்தப் பாடகியைக் குழுவில் எல்லோரும் பாப்பா என்றுதான் சொல்வார்கள். பதினேழு வயதில் பாட வந்தவள், இருபத்தைந்து ஆன பிறகும் பெயர் மாறவில்லை. மேடையில் ஐம்பதாயிரம் பேரை ஆட்டி வைக்கிற பெண்ணை, கீழே வயரிங் வேலை பார்ப்பவர்கூட, "பாப்பா, பாத்து, கால் தடுக்கும்" என்பார்.

உடை மாற்றும் இடத்தை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். மேடைக்குக் கீழே நாலு கம்பி நட்டு, கறுப்புத் துணி சுற்றிய ஒரு சதுரம். ஒரு கட்டில் போட்டால் அப்புறம் ஆள் நிற்க இடமிருக்காது. மேலே டிரம்காரர் தனியாக வெளுத்து வாங்குகிற முப்பத்தெட்டு வினாடியில் பாப்பா லிஃப்டில் கீழே இறங்குவாள். வெள்ளி கவுனைக் கழற்ற வேண்டும், கறுப்பு உடையை மாட்ட வேண்டும், செருப்பு மாற்ற வேண்டும், மறுபடி மேலே அனுப்ப வேண்டும். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, வெளிச்சமும் மங்கல்தான். எல்லாம் கைதான். முழங்கையில் தட்டினால் கையைத் தூக்கு என்று அர்த்தம். இடுப்பில் தட்டினால் திரும்பு. முதுகில் இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது, போ. அந்த இரண்டாவது தட்டைப் பார்த்துத்தான் லிஃப்ட்காரர் பொத்தானை அமுக்குவார். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

இந்த இடத்துக்கு அவள் சுலபமாக வந்துவிடவில்லை. பதினாறு வயதில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆறு வருடம் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்தாள். வலது கை தைப்பவள் பக்கத்து மெஷினில் இருந்தாள். "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தாதான்டி ஒரு முழு ஆளு" என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று பார்க்கக் கடைக்குப் போக வேண்டும், அந்தச் சட்டையை வாங்குகிற வசதி இருவருக்கும் இல்லை.

அங்கிருந்து ஒரு நாடகக் கம்பெனிக்குப் போனாள். அங்கேதான் ஆளுக்கு அளவெடுத்து, வெட்டி, முழு உடை தைக்கக் கற்றாள். ஒரு பாடமும் கற்றாள். கதாநாயகியாக நடித்த பெண்ணுக்கு ஒரே மாதத்தில் இடுப்பு இரண்டு இன்ச் கூடியது. ஊசியக்கா அதை முதலாளியின் மனைவியிடம் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள், சந்தோஷச் செய்திதானே என்று. அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் வேடம் வேறொருத்திக்குப் போனது. மறுநாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையலறை வாசலில் வந்து நின்றாள். "உன்ன நம்பி உடம்பக் காட்டினேன். நீ ஊருக்கே காட்டிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டக்கூட இல்லை. ஊசியக்காவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தாள், டேப்பில் தெரிந்தது டேப்போடு போகட்டும், இனி வாயைத் திறப்பதில்லை என்று. இருபத்தைந்து வருடம் அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி காப்பாற்றினாள். யாருக்கு முதுகில் கூன் விழுகிறது, யார் உடம்பில் அடிபட்ட தழும்பு இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

பாப்பா அவளுக்குக் கிடைத்தது ஒரு கிழிந்த ஜிப்பால். ஒரு சின்ன அரங்கம், பாட இன்னும் பத்து நிமிடம், பின்பக்க ஜிப் பிளந்துவிட்டது. பக்கத்துத் தையல்கடையில் இருந்த இவளை யாரோ இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மெஷினுக்கு நேரமில்லை. நின்ற நிலையில், உடம்பின் மேலேயே வைத்துக் கைத்தையல் போட்டாள்.

"அக்கா, மூச்சு விடலாமா?" என்றது அந்தப் பதினேழு வயதுப் பெண்.

"ரெண்டாவது பாட்டு வரைக்கும் கொஞ்சமா விடு. அப்புறம் தையல் பிடிச்சுக்கும், தாராளமா விட்டுக்கோ."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் ஒரு தையல் அங்கேயே போனது. அன்றிலிருந்து எட்டு வருடம், பாப்பா எங்கே பாடினாலும் ஊசியக்கா மேடைக்குக் கீழே இருப்பாள். வீட்டில் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டு, தானே சமைத்துச் சாப்பிட்டு, "என் பொண்டாட்டி உலகம் சுத்துறா, நான் நாலு தெரு சுத்துறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது ஆல்பம் வெளிவந்ததும் பெரிய டூர் அறிவித்தார்கள். பதினான்கு வாரம், முப்பத்தோரு ஊர். ஊர்ப் பெயரெல்லாம் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு. குழுவுக்கு முதல் ஊர், ஏழாவது ஊர், பன்னிரண்டாவது ஊர், அவ்வளவுதான். எல்லா ஊரிலும் அதே சிமெண்டுத் தாழ்வாரம், அதே குழல் விளக்கு, காகிதத் தட்டில் அதே ஆறிப்போன சாப்பாடு. ஊசியக்காவின் தையல் மெஷின் சக்கரம் வைத்த ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் போனது.

ஆல்பத்தின் அட்டைப் படத்தில் பாப்பா ஒரு வெள்ளி கவுன் போட்டு நிற்பாள். அந்தப் படம் எடுத்த அன்று, கேமராவுக்குப் பின்னால் நின்ற ஒரு புண்ணியவான், "இடுப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் குறைஞ்சா பிரமாதமா இருக்கும்" என்றான். சொல்லிவிட்டு அவன் காபி குடிக்கப் போயிருப்பான். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள், பிறகு மதியத்தை. அப்புறம், சாப்பிட்ட கொஞ்சத்தையும் குளியலறைக்குப் போய் வெளியே எடுத்துவிட்டு வந்தாள்.

முதல் ஊரில் இடுப்பு இருபத்தாறு. மூன்றாவது ஊரில் இருபத்தைந்தே கால். ஐந்தாவது ஊரில் இருபத்து நாலரை. சமையல்காரருக்குத் தட்டு அப்படியே திரும்பி வருவது தெரியும். ஒப்பனைக்காரிக்குத் தலைமுடி கையோடு வருவது தெரியும். ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், முழுசாகத் தெரிந்தவள் ஊசியக்கா ஒருத்திதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை வாரம் இரண்டு முறை அளந்தவள் அவள். இந்தப் பெண் கரைந்துகொண்டிருக்கிறாள், யாராவது நிறுத்தவில்லை என்றால் முப்பத்தோராவது ஊர் வரை தாங்க மாட்டாள் என்று அவளுக்கு ஐந்தாவது ஊரிலேயே தெரிந்துவிட்டது.

இருபத்தைந்து வருட விரதத்தை உடைத்து, மேனேஜரிடம் போனாள். அவருக்குக் குழுவில் கடிகாரம் என்று பெயர். நிமிடக் கணக்கில்தான் பேசுவார்.

"சார், பாப்பா இளைச்சுக்கிட்டே போகுது."

"எல்லாருந்தான் இளைக்கிறோம். நானே ரெண்டு கிலோ போயிட்டேன்."

"இது அலைச்சல்ல இளைக்கிறது இல்ல சார். ஒன்றரை இன்ச் போயிருக்கு. சாப்பாடு எதுவும் உள்ள நிக்கல."

அவர் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். "டாக்டர் பாத்தாருங்க. ரெஸ்ட் வேணும்னு சொன்னாரு. ரெஸ்ட் எங்க இருக்கு? முப்பத்தோராவது ஊர் தாண்டி இருக்கு." போனை எடுத்து நீட்டினார். "நேத்து ஒருத்தன் நெட்டுல அவ தோள் எலும்ப வட்டம் போட்டுப் படம் போட்டிருக்கான். கீழ நாலாயிரம் பேர் சிரிச்சிருக்காங்க. அதப் பாத்துட்டு அந்தப் பொண்ணு தூங்கவே இல்ல. உங்களால முடிஞ்சா ஒண்ணு பண்ணுங்கக்கா. வெளில தெரியாம பாத்துக்குங்க. அவ மனசாவது உடையாம இருக்கும்."

கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் ஊசியக்கா முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் பாப்பாவுக்காகக் கேட்டார், இவளும் பாப்பாவுக்காகச் சரி என்றாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். தோல் நிறத்தில் வலைத்துணி வாங்கி, கழுத்திலிருந்து தொடை வரை ஒட்டிய ஓர் உள்ளுடை தைத்தாள். மெல்லிய ஸ்பாஞ்சை பிளேடால் சீவி, ஓரம் ஒன்றுமில்லாமல் தேய்ந்து போகிற மாதிரி செய்து, தோள்பட்டைக் குழியில் வைத்தாள். இடுப்பு எலும்புக்குப் பஞ்சு இரண்டு அடுக்கு, மேல்கைக்கு ஓர் அடுக்கு. ஆடும்போது சதை எப்படி அசையுமோ அப்படி அசைய வேண்டும் என்று, பஞ்சுக்கு நடுவில் மெல்லிய ரப்பர் துண்டு வைத்துப் பார்த்தாள். சரியாக வந்தது. பிரமாதமாக வந்தது. ஹோட்டல் அறையில் தானே அதை மாட்டிய தையல் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, தன் வாழ்க்கையில் இப்படி ஒன்றைத் தைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் நான் அவளுடைய தப்பு என்கிறேன். வேலை நன்றாக வந்துவிட்டால் கைக்காரர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். ஒன்பதாவது ஊருக்கு அந்தக் கவுனை வடிவமைத்த பெரிய மனிதர் வந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்று மூன்று பாட்டு பார்த்தார். "அளவு கொஞ்சங்கூட மாறலியே, உடம்ப நல்லா வெச்சிருக்காங்க" என்றார். ஊசியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவருக்குப் போன் போட்டு, "அவர் கண்ணுக்கே தெரியலங்க" என்று சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

உள்ளுடை முதலில் நானூறு கிராம் இருந்தது. பதினைந்தாவது ஊரில் எழுநூறு ஆயிற்று. பாப்பா குறையக் குறைய இவள் கூட்டிக்கொண்டே போனாள். படம் போட்டு வட்டம் போட்டவர்கள் அடங்கிவிட்டார்கள். ஒரு பத்திரிகை, பாடகி பூரித்துப்போய் இருக்கிறாள் என்று எழுதியது.

பதினெட்டாவது ஊரில் ட்ரையல் பார்க்கும்போது பாப்பா கண்ணாடி முன் நின்றாள். ஊசியக்கா முட்டி போட்டு, வாயில் ஊசியோடு, இடுப்பில் இன்னோர் அடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு இடுப்பு இன்னும் பெருசாத்தான் தெரியுது."

ஊசியக்கா ஊசிகளைக் கையில் எடுத்தாள். "அது பஞ்சு பாப்பா. நான் வெச்ச பஞ்சு."

"தெரியும்க்கா. ஆனா கண்ணுக்கு அப்படித் தெரியலையே. கண்ணாடியில பாத்தா நான் குண்டாத்தான் இருக்கேன்."

ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரை ஏமாற்றத் தைத்தது, போட்டுக்கொண்டவளையே ஏமாற்றிக்கொண்டிருந்தது. "கழட்டிப் பாரு. பஞ்ச எடுத்துட்டு உன்னைப் பாரு ஒரு தடவ" என்றாள்.

"வேணாம்க்கா. குளிருது." உண்மையிலேயே அவளுக்கு எப்போதும் குளிர்ந்தது. வெயில் கொளுத்தும் ஊரில்கூட இரண்டு போர்வை கேட்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. அவங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுவாங்க."

அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். தனி ஆளாக மகளை வளர்த்தவர். காதுக் கோளாறால் விமானத்தில் ஏற அஞ்சுவார், அதனால் டூருக்கு வந்ததில்லை. இழுத்துப்போவார் என்று பாப்பா பயந்து சொன்னதுதான் ஊசியக்காவுக்கு வழி காட்டியது. உலகத்தில் இந்த டூரை நிறுத்தக் கூடிய ஒரே ஆள் அந்த அம்மாதான். அவசரத்துக்கு என்று எழுதி ஒட்டிய காகிதத்தில் அவருடைய எண் இருந்தது, உடைப்பெட்டியின் மூடியின் உட்பக்கத்தில். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

கணவரிடம் கேட்டாள். "நமக்கெதுக்கு வம்பு? ஏற்கெனவே ஒரு தடவ வாயக் குடுத்து மாட்டினவதானே நீ. பெரிய டாக்டர், மேனேஜர் எல்லாம் இருக்காங்க. உன் வேலையப் பாத்துட்டு நல்லபடியா வந்து சேரு." பயந்த மனிதர், அன்பால் பயந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தோராவது ஊரில் அவள் அந்த எண்ணை அழுத்திவிட்டாள். மறுமுனையில் இரண்டு தடவை மணி அடித்தது. நாடகக் கம்பெனிப் பெண் பெட்டியோடு வாசலில் நின்றது கண்முன் வந்தது. வைத்துவிட்டாள். இடுப்பு இருபத்து இரண்டே முக்கால், உள்ளுடை ஒரு கிலோ. இருபத்து மூன்றாவது ஊர் முடிந்ததும் நாலு நாள் விடுப்பு இருந்தது. அது முடியட்டும், பாப்பா தூங்கி எழட்டும், அப்போது கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்தத் தடவை உறுதியாகத்தான் முடிவு செய்தாள். என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்தாள்.

இருபத்து மூன்றாவது ஊரில் நாலாவது உடை மாற்றம். பாப்பா இறங்கினாள். ஊசியக்கா கவுனை உருவினாள், முழங்கையில் தட்டினாள், கை உயர்ந்தது. இடுப்பில் தட்டினாள், உடம்பு திரும்பியது. ஜிப்பை ஏற்றினாள். கொக்கி மாட்டினாள். அப்போது பாப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

எட்டு வருடத்தில் அப்படிப் பிடித்ததே இல்லை. கை சில்லென்று இருந்தது, விரல்கள் அழுத்தமாகப் பிடிக்க முயன்று முடியாமல் நழுவின. மேலே டிரம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. ஊசியக்காவின் மனம், இரு, என்னவென்று கேள் என்றது. ஆனால் அவளுடைய இன்னொரு கைக்கு அது கேட்கவில்லை. முப்பத்தெட்டு வினாடி முடியும்போது எங்கே போக வேண்டுமோ அங்கே அது தானாகப் போனது. முதுகில் இரண்டு தட்டு தட்டியது.

லிஃப்ட் மேலே போனது. ஐம்பதாயிரம் பேர் ஆர்ப்பரித்தார்கள். ஒன்றரை வரி பாட்டு கேட்டது. அப்புறம் தலைக்கு மேலே பலகையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வாத்தியக்காரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை.

உடம்பில் உப்புச்சத்து வற்றிப்போய் இதயம் தாளம் தப்பிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உடையையெல்லாம் கத்தரித்து ஒரு பையில் போட்டு நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தபோது, கையில் கனம் பார்த்துவிட்டு ஊசியக்காவை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் பாப்பா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, தாதியர் வேலை மாறுகிற நேரத்தில் போய்விட்டாள். அழுவதற்குக்கூட ஊசியக்காவுக்கு அங்கே உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று மதியம் மேனேஜர் எல்லோரையும் ஹோட்டலில் கூட்டினார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம், கையில் ஒரு தாள். திடீரென ஏற்பட்ட உடல்நலக் குறைவு, முன்கூட்டி எந்த அறிகுறியும் யாருக்கும் தென்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சமையல்காரர் போட்டார். ஒப்பனைக்காரி போட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் சொன்னேனே சார்" என்றாள் ஊசியக்கா.

"சொன்னீங்க." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நானும் கேட்டேன், நீங்களும் தைச்சீங்க. இப்ப அதச் சொன்னா அவ திரும்பி வருவாளா? போட்டுட்டு வீட்டுக்குப் போங்கக்கா. உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

பேனா கையில் இருந்தது. அப்போது வரவேற்பறையிலிருந்து ஆள் வந்தது. பாப்பாவின் அம்மா வந்திருக்கிறார், ஊசியக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறார். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா ஒரு சின்ன அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சு அடைத்திருந்தார், விமானத்தில் வந்ததற்கு. இவளைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அந்த அக்கா? போன்ல உன் பேச்சத்தான் பேசுவா. எங்கக்கா, எங்கக்கான்னு."

ஊசியக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா உன்ன. இங்க இருக்கறவங்க யாரும் எனக்குச் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. நீ கூடவே இருந்தவ." அம்மா மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசினார். "ரெண்டு மாசம் முன்னாடி போன்ல மூஞ்சி ஒட்டிப்போய்த் தெரிஞ்சுது. என்னடின்னு கேட்டா, கேமரா அப்படித்தாம்மா காட்டும்னா. எனக்கு மனசு கேக்கல. ஏரோப்ளேனுக்கு டிக்கெட் போட்டுட்டேன், காது போனாப் போகுதுன்னு. ரெண்டு தடவ போட்டேன்."

"ஏம்மா வரல?" என்று கேட்டுவிட்டாள் ஊசியக்கா.

"ஜனங்க அன்னன்னிக்கு மேடைய வீடியோ எடுத்துப் போடறாங்க இல்ல? ஒண்ணு விடாம பாப்பேன். மூஞ்சிய விடு, உடம்பப் பாத்தா தோளு, கையி, இடுப்பு எல்லாம் நல்லா சதையோட இருந்துச்சு. முன்னவிட பூசினாப்பல. சரி, மூஞ்சி அலைச்சல்ல வாடியிருக்கு, உடம்பு தேறிட்டு வருதுன்னு நெனச்சேன். நாம போயி நின்னா அவளுக்குத் தொந்தரவுன்னு டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேன்."

அம்மா பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு அங்க கொண்டுபோய்க் காட்டினாங்க. கையப் பாத்தேன். சின்னப் புள்ளையில இருந்த கையி மாதிரி இருந்துச்சும்மா. ரெண்டு நாள்ல ஒரு உடம்பு எப்படி அப்படி ஆகும்? டாக்டர் சொல்றாரு, இது மாசக்கணக்குல ஆனதுன்னு. அவருக்கு என்ன தெரியும், அவர் அவள முந்தாநாள்தான் பாத்தாரு. நான் தினம் பாத்தேனே. அந்த ஆஸ்பத்திரியிலதான் என்னமோ தப்பு நடந்துருக்கு. நீ சொல்லு."

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். அந்த அம்மா சாகும் வரை மருத்துவமனையைத் திட்டிக்கொண்டு, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் இருந்திருப்பார். ஊசியக்கா அதையும் யோசித்தாள். ஆனால் அந்தக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில தப்பு இல்லம்மா. டாக்டர் சொன்னது நெசம். பதினோரு வாரமா ஆச்சு."

"நான் பாத்தேனே."

"நீங்க பாத்தது பாப்பா உடம்பு இல்லம்மா. நான் வெச்சுத் தைச்ச பஞ்சு."

அம்மாவுக்குப் புரியவில்லை. "எது பஞ்சு?"

ஊசியக்கா தன் கையை விடுவித்துக்கொண்டு, தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினாள். தோள்பட்டையில். மேல்கையில். இடுப்பில் இரண்டு பக்கமும். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை அடுக்கு என்று சொன்னாள். எந்த ஊரில் எவ்வளவு கூட்டினாள் என்பதையும் சொன்னாள், விடாமல், முதல் ஊரிலிருந்து.

அம்மா அந்தக் கை போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்துவார், அறைவார் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"பெத்தவ எனக்கே தெரியலியே" என்றார் அம்மா கடைசியில். "அவ்வளவு நல்லா தைச்சிருக்கியேம்மா."